சீனத் தட்டில் விடுபட்ட மூலை

1

ஊரில் யாராவது என்னைப் பற்றி விசாரித்தால், “மலேசியாவில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருக்கிறான்” என்று என் தம்பி கலியமூர்த்தி சொல்லிவிடுவான். முழுப் பொய் என்று அதைச் சொல்ல முடியாது. கிள்ளானில் பழம்பொருள் விற்கும் கடை ஒன்றில் தட்டு துடைக்கிறேன். துடைத்ததைப் படம் பிடித்து, குறிப்பு எழுதி, பஞ்சுத்தாளில் சுற்றிப் பெட்டியில் அடைத்து அயல்நாடுகளுக்கு அனுப்புகிறேன். மயிலாடுதுறையில் பாத்திரக் கடையில் நின்றவன், கடல் தாண்டி இருபத்திரண்டு வருஷம் ஆகியும் பாத்திரத்தோடுதான் நிற்கிறான் என்று சொன்னால் கேட்பவர்களுக்குச் சப்பென்று போய்விடும். எக்ஸ்போர்ட்டே இருக்கட்டும்.

கடை முதலாளி ஒரு சீன அம்மாள். எழுபதைத் தாண்டியவர். மேடம் என்றுதான் கூப்பிடுவேன். மலாயும் ஆங்கிலமும் கலந்து, இங்கே எல்லோரும் ஒட்டுகிற ‘லா’வோடு முடியும் கிள்ளான் பேச்சு அவருடையது. தமிழர்கள் நடுவே வளர்ந்தவர் என்பதால் இடையிடையே ‘ஐயோ’, ‘சும்மா’ எல்லாம் சரளமாக வரும். அவர் பேசியதை இங்கே தமிழாக்கித்தான் எழுதுகிறேன்.

அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிற இந்த மாதத்தில் அந்தத் தட்டுகள் கடைக்கு வந்தன. பந்திங் பக்கம் ஒரு பழைய வீட்டைக் காலி செய்தபோது கிடைத்தவையாம். எந்தக் காலத்திலோ அங்கிருந்த தோட்டத்து வெள்ளைக்காரர் விட்டுப்போனதாக இருக்கலாம். மொத்தம் முப்பத்தெட்டுத் தட்டு, மூடியில்லாத சூப்புப் பாத்திரம் ஒன்று. எல்லாம் லோரியில் முட்டை அட்டைகளுக்கு நடுவே வந்து இறங்கின. ஒன்றுகூட உடையவில்லை.

2

வெள்ளைப் பீங்கான். விளிம்பில் நீலமும் பொன்னும் கலந்த கொடி. நடுவில் ஒரு கேடயம், கேடயத்தின் தலையில் இரும்புத் தொப்பி, தொப்பியில் இறகு. பார்த்தால் ஐரோப்பியச் சரக்கு என்றுதான் யாரும் சொல்வார்கள். கேடயத்துக்குள் இருக்கும் சிங்கத்தின் முகத்தை உற்றுப் பார்த்தால் மட்டும் குட்டு வெளிப்பட்டுவிடும். அது சீனக் கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் சிங்கம். சுருள் முடி, உருட்டிய விழி, கொஞ்சம் சிரிப்பு.

மேடம் விளக்கினார். அந்தக் காலத்து ஐரோப்பியப் பெரிய குடும்பங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு குலச்சின்னம் உண்டு. அதைச் சாப்பாட்டுத் தட்டில் போட்டுக்கொள்வது பெரும் பெருமை. ஆனால் நல்ல பீங்கான் சீனாவில்தான் கிடைத்தது. ஆகவே சின்னத்தை ஒரு தாளில் வரைந்து கப்பல் வியாபாரியிடம் கொடுத்தனுப்புவார்கள். தாள் காண்டன் துறைமுகத்துக்குப் போய்ச்சேரும். உள்நாட்டுச் சூளையில் வெந்த வெள்ளைத் தட்டுகள் ஆற்று வழியாக அங்கே வரும். அங்கிருக்கும் ஓவியர்கள் தாளைப் பார்த்துத் தட்டில் எழுதுவார்கள். மறுபடி சூடு, மறுபடி கப்பல். எல்லாம் முடிய இரண்டு வருஷம், மூன்று வருஷம்கூட ஆகுமாம். கல்யாணத்துக்குச் சொல்லிவிட்ட தட்டு குழந்தை நடக்கும்போது வந்து சேரும். சில வீடுகளில் சொல்லிவிட்டவரே போய்ச்சேர்ந்திருப்பார்.

“சாப்பிடற தட்டுல பேரு. உங்க ஆளுங்க மாதிரி” என்றார் மேடம். கிள்ளான் வீடுகளில் எவர்சில்வர் சோற்றுக் குண்டான் வரைக்கும் பெயர் வெட்டியிருப்பதை அவர் பார்த்திருக்கிறார். பெயர் வெட்டியதைப் பழம்பொருளாக வாங்க யாரும் முன்வருவதில்லை என்ற குறையும் அவருக்கு உண்டு.

எனக்கு அன்று சிரிப்பு தாங்கவில்லை. ஊரில் என் முதல் வேலையே அதுதான். கடையின் ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, கையில் அடங்குகிற அந்தச் சின்ன மெஷினைப் பிடித்து, எவர்சில்வர் பாத்திரங்களில் பெயர் வெட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா, கருமாதி எதுவானாலும் பெயரில்லாமல் ஒரு டம்ளர் வெளியே போகாது. வாடிக்கையாளர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார். “சீட்டுல இருக்கறத வெட்டு, யோசிக்காத” என்பார் எங்கள் முதலாளி. ஒரே ஒரு தடவை நான் யோசித்தேன். கிரகப்பிரவேசப் பாத்திரத்துக்கு வந்த சீட்டில் மூத்த மகன் பெயர் விட்டுப்போயிருந்தது. தெரிந்த குடும்பம்தானே என்று நானே சேர்த்து வெட்டிவிட்டேன். வேண்டுமென்றுதான் விட்டிருந்தார்கள். அன்றைக்குக் கடை வாசலில் நடந்த சண்டையை விலக்க அடுத்த தெருவிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். ஒரு பெயர் இல்லையென்றால் அதற்குக் காரணம் இருக்கும் என்று அன்று கற்றுக்கொண்டதை நான் மறக்கவே இல்லை.

3

அந்தக் கேடயம் நான்கு கட்டமாகப் பிரிந்திருந்தது. ஒன்றில் சிங்கம், ஒன்றில் கோபுரம், ஒன்றில் மூன்று மீன். கீழே வலப்பக்கத்து நாலாவது கட்டத்தில் ஒன்றுமில்லை. வெறும் வெள்ளை. அதுவும் நேர்க்கோட்டில் நிற்கும் வெள்ளை இல்லை, ஓரம் கோணல்மாணலாக இருந்தது. வர்ணம் உதிர்ந்துவிட்டது என்று நினைத்து, ‘நாலில் ஒரு பகுதி சிதைந்துள்ளது’ என்று குறிப்பில் எழுதினேன். அடுத்த தட்டை எடுத்தேன். அதிலும் அதே இடம், அதே கோணல். முப்பத்தெட்டிலும் அப்படித்தான்.

மேடம் என் குறிப்பைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். “ஐயோ முருகா, இது சிதைஞ்சது இல்லலா. முதல்லேருந்தே இல்ல. அவங்க அனுப்பின தாள் மூலையில கிழிஞ்சிருக்கும். கப்பல்ல தண்ணி பட்டிருக்கும், எலி தின்னுருக்கும், யாருக்குத் தெரியும்? வரையற ஆளு என்ன பண்ணுவான்? அவன் அந்தக் குடும்பத்தக் கண்டானா? தாள்ல இருந்தத வரைஞ்சான். தாள்ல இல்லாதத விட்டான்.”

“கேட்டிருக்கலாமே மேடம்?”

“யார்கிட்ட? கேட்டுப் பதில் வர ரெண்டு வருஷம்லா.”

முருகா என்றது என்னைத்தான். என் பெயர் முருகையன்.

அந்த ஓவியரை எனக்கு உடனே பிடித்துவிட்டது. என் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தால் எங்கள் முதலாளி அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருப்பார்.

4

இனி எழுதப்போவதைப் போன வாரம்வரை நான் யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட. அவள் இங்கேயே பிறந்தவள். அவளைக் கட்டிக்கொண்டதால்தான் நான் இந்த நாட்டில் தங்க முடிந்தது. ஆனால் வருஷா வருஷம் விசாவுக்கு வரிசையில் நிற்க வேண்டும். இந்த நாட்டுக் குடிமகனுக்கு நீல அடையாள அட்டை. என்னைப் போன்றவர்கள் நிரந்தரமாகத் தங்க அனுமதி கிடைத்தால் சிவப்பு அட்டை. அந்தச் சிவப்பு அட்டைக்காக எத்தனையோ வருஷம் மனுப் போட்டேன். கைரேகை கொடுத்தேன், கல்யாணப் போட்டோ கொடுத்தேன், அசலைக் கேட்டபோது நகலையும் நகலைக் கேட்டபோது அசலையும் கொண்டுபோய்த் திட்டு வாங்கினேன். கடைசியில் நேர்காணலுக்கு நாள் குறித்தார்கள். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

நேர்காணலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது அம்மா இறந்துபோனாள்.

காலையில் அக்கா சரோஜா போன் செய்தாள். அழுகைக்கு நடுவில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “ஐஸ் பெட்டில வச்சிருக்கோம்டா. நீ வந்துடுவேன்னா நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் வச்சிருக்கோம். வருவியா?”

விசா அலுவலகத்துக்கு ஓடினேன். கவுண்டரில் இருந்தது முக்காடு போட்ட ஒரு சின்னப் பெண், என் மகள் வயதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். நான் மலாயில் தடுமாறிச் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டது. வருத்தப்பட்டது, நிஜமாகவே வருத்தப்பட்டது. “பாஸ்போர்ட்டை இப்பவே எடுத்துத் தரேன் அங்கிள். ஆனா மனுவை வாபஸ் வாங்கின மாதிரி ஆகிடும். திரும்பி வந்து முதல்லேருந்து போடணும்” என்றது. யோசித்துச் சொல்லச் சொன்னது.

கீழே கேன்டீனில் போய் உட்கார்ந்தேன். ஒரு தே தாரிக் வாங்கினேன். அப்பாவுக்கு மூத்த பிள்ளை, அம்மாவுக்கு இளைய பிள்ளை கொள்ளி வைப்பதுதானே எங்கள் வழக்கம் என்று நினைத்தேன். தம்பி இருக்கிறானே. நான் போய் என்ன செய்யப்போகிறேன், பார்க்கத்தானே போகிறேன். இப்படியே ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனேன். டீ ஆறி, மேலே ஆடை கட்டிவிட்டது. மாடிக்குத் திரும்பிப் போகவில்லை. அங்கிருந்தே அக்காவைக் கூப்பிட்டு, “பாஸ்போர்ட்டத் தரமாட்டேங்கறாங்கக்கா. நீங்க எடுத்துடுங்க” என்றேன். வீட்டிலும் அதையே சொன்னேன்.

ஐந்தாம் நாள் நேர்காணலில் அதிகாரி கேட்ட கேள்விகளில் ஒன்று, அயல்நாட்டில் உள்ள பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்பது. இல்லை என்றேன். டிக் அடித்துக்கொண்டார். மூன்று மாதத்தில் அட்டை கைக்கு வந்தது. சட்டைப்பையில்தான் எப்போதும் இருக்கிறது. பாஸ்போர்ட்டும் திரும்பி வந்தது. போக வழி திறந்து ஒன்பது மாதம் ஆகியும் நான் ஊருக்குப் போகவில்லை. அக்கா கேட்டபோதெல்லாம் லீவு இல்லை என்றேன். மேடம் லீவு தராத ஆள் இல்லை.

5

போன ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூரில் இருக்கும் பிரிக்பீல்ட்ஸ் போனேன். ஊரிலிருந்து வந்த ஒருவர், அக்கா கொடுத்தனுப்பிய பையை அங்கே ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் விட்டுப்போயிருந்தார். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல்.

கல்லாவில் இருந்தவர் பையைக் கொடுத்தார். “ஊருலேருந்தா அண்ணே? கனமா இருக்கு லா” என்றார். வடகம், மாவடு, ஒரு பாக்கெட் விபூதி, அடியில் செய்தித்தாளில் சுற்றிய எவர்சில்வர் டம்ளர். அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று சொந்தக்காரர்களுக்குக் கொடுத்த டம்ளர் அது. அறுபது வாங்கியதாக அக்கா போனில் சொல்லியிருந்தாள். நான் வருவேன், வந்து என் கையால் வாங்கிக்கொள்வேன் என்று எனக்கானதை எடுத்து வைத்திருந்தாள் போல. வருஷம் ஆகப்போகிறது, இனி வரமாட்டான் என்று கொடுத்தனுப்பிவிட்டாள்.

கடை வாசலிலேயே நின்று திருப்பிப் பார்த்தேன். விளிம்புக்குக் கீழே ‘தையல்நாயகி அம்மாள் நினைவாக’. அதற்கடியில் சரோஜா. அப்புறம் கலியமூர்த்தி.

என் பெயர் இல்லை.

தெரு நிறையப் பூக்கடை, சாம்பிராணி வாசனை, பழைய பாட்டு. அதற்கு நடுவில் நாலு பேர் பார்க்க அழுதேன். அக்காவுக்குத் தெரிந்துவிட்டது, எப்படியோ தெரிந்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது. இரண்டு நிமிஷத்தில் அழுகை கோபமாகிவிட்டது. இருபத்தொரு வருஷமாக மாதம் தவறாமல் அம்மாவிடம் பேசியவன் நான். ஒரு டம்ளரில் இடம் இல்லையா எனக்கு? காரணம் தெரிந்தவனுக்குத்தான் கோபம் இன்னும் அதிகமாக வரும் என்பது என் அனுபவம்.

6

வீட்டுக்கு வந்து டம்ளரை மேசையில் வைத்தேன். மனைவி செராஸில் அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். மகள் தர்ஷினி மட்டும் இருந்தாள். பதினேழு வயது. மலாய்ப் பள்ளியில் படித்தவள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. தமிழ்ப் பள்ளி தூரம் என்று நாங்கள்தான் விட்டோம். ஊரில் என் பேச்சைக் கேட்டால், ‘சந்தைக்குப் பாசார், லாரிக்கு லோரின்னு என்னடா பேசற’ என்று கிண்டல் செய்கிறார்கள். இவளோ என் பேச்சைக் கேட்டு, “பா, படத்துல வர்ற இந்தியாக்காரங்க மாதிரியே பேசுறீங்க லா” என்கிறாள். நான் எங்கே பேசினாலும் யாராவது சிரிக்கிறார்கள்.

அவள் டம்ளரை எடுத்து உருட்டிப் பார்த்தாள். “இது யாரோடது பா?”

“பாட்டி நினைவா குடுத்தது. அத்தை பேரு, சித்தப்பா பேரு போட்டிருக்கு.”

“உங்க பேரு?”

“இல்ல.”

“நடுவுல ஏன் இவ்ளோ பெரிய கேப் விட்டிருக்காங்க?”

பிடுங்கிப் பார்த்தேன். சரோஜாவுக்கும் கலியமூர்த்திக்கும் நடுவில் ஓர் இடம் வெறுமையாக இருந்தது. கட்டை விரலை வைத்தால் சரியாக மூடியது. நான் பெயர்களைப் படித்துக்கொண்டு போனேனே தவிர, இடத்தைப் பார்க்கவில்லை. படிக்கத் தெரியாதவள் கண்ணுக்குத்தான் அது தெரிந்தது. எத்தனை பாத்திரத்தில் வெட்டியிருக்கிறேன்! இரண்டு பெயர் மட்டும் என்றால் இப்படித் தள்ளித் தள்ளி யாரும் வெட்டமாட்டார்கள். மூன்று பெயருக்கு அளவு பிரித்து வெட்டியிருக்கிறார்கள்.

7

அப்போதே அக்காவைக் கூப்பிட்டேன். அங்கே மத்தியான வேளை.

“டம்ளர் வந்துதாடா?”

“வந்துது. நடுவுல என்னக்கா எடம் விட்டிருக்கு?”

அங்கே ஓடிக்கொண்டிருந்த டிவியை நிறுத்தினாள். பிறகு சொன்னாள். “அது உன் எடம்தான். சீட்டு எழுதறப்போ உன் பேர எழுதக் கை வரல. விடவும் மனசு வரல. எடம் விட்டுட்டு, உன்ன ஒரு வார்த்த கேட்டுட்டு அப்புறம் எழுதலாம்னு இருந்தேன். அதுக்குள்ள கலியன் சீட்ட எடுத்துட்டுப் போயி கடையில குடுத்துட்டான். அந்த ஆளு அதுல இருந்த மாதிரியே அறுபதுலயும் வெட்டிட்டாரு. கேக்க மாட்டாரா மனுஷன்னு எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துது.”

கேட்கமாட்டார். நான் உட்கார்ந்திருந்த ஸ்டூல் அது.

“என்ன கேக்கணும்னு இருந்தே?”

“நெசமாவே அவங்க தரலயா, இல்ல நீதான் வரலயான்னு.”

“அப்புறம் ஏன் கேக்கல?”

“வெட்டினதுக்கு அப்புறம் கேட்டு என்னடா ஆவப்போவுது?”

தர்ஷினி எதிரே உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தாள். அவள் இருக்கட்டும் என்று தோன்றியது. “அக்கா, அவங்க தரேன்னாங்க. இப்பவே எடுத்துட்டுப் போன்னாங்க. நான்தான் வாங்கல. அட்டை கெடைக்காமப் போயிடும்னு கீழ போயி உக்காந்து டீ குடிச்சேன்” என்றேன்.

தர்ஷினி தலைநிமிர்ந்து பார்த்தாள். அக்கா வீட்டுத் தெருவில் ஏதோ வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போவது போனில் கேட்டது.

“அப்ப வெட்டினவரு சரியாத்தான் வெட்டியிருக்காரு” என்றாள் அக்கா.

கோபத்தில் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது பேசியிருப்பேன். அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

8

தட்டுகளை வாங்க ஹாலந்தில் ஒருவர் கிடைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை மேடமும் நானும் பெட்டியில் அடைத்தோம். கடைசித் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டி, “இங்க பாரு” என்றார். மெல்லிய கீறல்கள். எத்தனையோ வருஷம் கத்தியால் இறைச்சி அறுத்துச் சாப்பிட்ட தடம். கேடயத்தின் மேல், மீன்களின் மேல், அந்த வெள்ளை மூலையின் மேலும் இருந்தது. “தப்பா வந்துதுன்னு தூக்கிப் போடல பாரு. அதுலயே சாப்பிட்டிருக்காங்க” என்றார். நான் பத்து நாள் லீவு கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் தலையாட்டினார்.

அடுத்த வாரம் அம்மாவின் வருஷத் திதி. டிக்கெட் எடுத்துவிட்டேன். மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை, மூன்றாம் நாள் என் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். டம்ளரையும் அதில் வைக்கப்போனாள். வேண்டாம், இங்கேயே இருக்கட்டும் என்றேன். தர்ஷினி அதில்தான் தண்ணீர் குடிக்கிறாள்.

என் பெயரை வெட்டச் சொல்லி ஊரில் யாரையும் கேட்கப்போவதில்லை. துக்கத்துக்கு வராதவன் இப்போதாவது வந்தானே என்று ஒவ்வொரு வீடாகக் கூப்பிடுவார்கள். போக வேண்டும். எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காரச் சொல்லி முதலில் தண்ணீர் கொடுப்பார்கள். மீதி ஐம்பத்தொன்பது வீட்டில் அந்த டம்ளர் இருக்கிறது. வாங்கி, ஒவ்வொன்றிலும் குடிக்க வேண்டும்.